விபுலானந்தர்: சிலையாகும் முன் அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் பிறக்கிற பிள்ளைகளில் பலருக்குச் சுவாமி விபுலானந்தர் முதலில் ஒரு நிறமாகத்தான் அறிமுகமாகிறார். வருடத் தொடக்கத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். நாவலர் இல்லம், விவேகானந்தர் இல்லம், பாரதி இல்லம் என்று பிள்ளைகளைப் பிரிப்பார்கள். அவற்றில் ஒன்று பெரும்பாலும் விபுலானந்தர் இல்லமாக இருக்கும். தேசிக்காய் ஓட்டத்திலும் சாக்கோட்டத்திலும் ஓடி விழுந்து எழும்பும் சின்னஞ்சிறுசுகள் அந்தப் பெயரைக் கத்திக் கத்தியே வளர்கிறார்கள். நானும் அந்த இல்லத்துப் பிள்ளைதான். எங்கள் நிறம் மஞ்சள். அவர் யார் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், மஞ்சள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கொஞ்சம் வளர்ந்த பிறகு அவர் ஒரு பாட்டாக வந்தார். இறைவனுக்கு உகந்த மலர் எது என்று கேட்டு, தோட்டத்துப் பூ அல்ல, மனமும் கையும் கண்ணும்தான் என்று விடை சொல்லும் அந்தப் பாட்டைக் காலைப் பிரார்த்தனையில் பாடினோம். இன்னும் வளர்ந்ததும் யாழ் நூலின் ஆசிரியராக, முதலாவது தமிழ்ப் பேராசிரியராக, சந்திகளில் நிற்கும் காவியுடைச் சிலையாக வந்தார். ஒவ்வொரு ஆடியிலும் அவருடைய நினைவு நாளில் மாலை போடுகிறோம், பேச்சுப் போட்டி வைக்கிறோம்.

இவற்றுக்கு நடுவில் ஒன்று மட்டும் விடுபட்டுப் போகிறது. அந்த மனிதர் தன் வாழ்க்கையின் பலம் மிக்க ஆண்டுகளைச் செலவழித்தது பெரிய மேடைகளில் அல்ல. ஓலைக் கூரையும் மண் தரையுமான சிறிய ஊர்ப் பாடசாலைகளுக்குக் கூரை தேடி, ஆசிரியர் தேடி, பிள்ளை தேடி அலைவதில்தான் செலவழித்தார். யுத்தத்தில் இவ்வளவையும் இழந்த பிறகு, நம் பிள்ளைகளின் ஆரம்பப் பாடசாலை எப்படி இருக்கவேண்டும் என்று யோசிக்கிற எவருக்கும் அந்தப் பகுதிதான் இன்று அதிகம் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன்.

காரைதீவில் கற்றது

காரைதீவு கல்முனைக்குத் தெற்கே, கிழக்கில் கடலும் மேற்கில் வயலுமாகக் கிடக்கும் ஊர். இன்று அது அம்பாறை மாவட்டம். 1961இல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை அதுவும் மட்டக்களப்புத்தான். அங்கே 1892 மார்ச் 27ஆம் திகதி சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் ஒரு மகன் பிறந்தார். முதலில் வைத்த பெயர் தம்பிப்பிள்ளை. பிள்ளைக்கு நோய் வந்தபோது கதிர்காமத்துக்கு நேர்ந்து மயில்வாகனன் என்று பெயரை மாற்றினார்கள். நோய் கண்ட பிள்ளைக்கு முருகன் பெயரை வைப்பது நம் அம்மம்மாக்களுக்குப் புதிதல்ல.

மயில்வாகனன் ஊரில்தான் எழுத்துப் பழகினார். குஞ்சித்தம்பி என்ற ஆசிரியர் அவருக்கு முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர். தமிழும் ஆங்கிலமும் சொல்லித் தந்த அந்த ஆசிரியருக்கு நன்றி சொல்லி, பின்னாளில் பேராசிரியராகப் போகும் அந்தப் பையன் சிறு வயதிலேயே ஒரு செய்யுள் எழுதினார். அவருடைய எழுத்து வாழ்க்கையின் தொடக்கத்தில் நிற்பது ஊர் வாத்தியாருக்கு எழுதிய அந்த நன்றிதான்.

ஊர் தந்தது எழுத்து மட்டுமல்ல. காரைதீவில் கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. வைகாசியில் நம் பக்கத்துக் கண்ணகி கோயில்களில் கதவு திறந்து, குளிர்த்திச் சடங்கு நடக்கும். கண்ணகியின் வழக்குரை காவியத்தை இரவிரவாகப் பாடுவார்கள். பெரியவர்களின் மடியில் தூங்கியும் தூங்காமலும் அதைக் கேட்டு வளர்வது இந்தக் கரையின் பிள்ளைகளுக்கு யாரும் பாடத்திட்டத்தில் எழுதாத பாடம். கோலாட்டமாடும் வசந்தன், வயலில் பாடும் பாட்டு, வாவியில் நிலவு காலத்தில் கேட்கும் மீனின் ஓசை எல்லாம் அப்படித்தான்.

பிறகு சில மைல் தூரத்தில் கல்முனையில் மெதடிஸ்த திருச்சபையினரின் பாடசாலை. அதன் பிறகு மட்டக்களப்பு நகரத்தில் கத்தோலிக்கப் பாதிரிமார் நடத்திய புனித மிக்கேல் கல்லூரி. அங்கே பொனல் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரிடம் கணிதம் கற்றார். 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற இளம் மெதடிஸ்த பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்து பள்ளி தொடங்கியதிலிருந்து, இந்தப் பகுதியில் ஆங்கிலக் கல்வி என்றால் அது மிஷன் பாடசாலைதான். பிற்காலத்தில் இந்து சமயத் துறவியாக வாழ்ந்த ஒருவரை இந்த இரண்டு கிறிஸ்தவப் பள்ளிகளும் சேர்ந்துதான் வளர்த்தன. அதை அவர் மறைக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை.

பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். படித்த பள்ளியிலேயே ஆசிரியரானார். 1911இல் கொழும்பில் ஆசிரியப் பயிற்சிக்குப் போனார். 1916இல் அறிவியலில் டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அந்தப் பரீட்சையில் தேறிய முதலாவது ஆள் அவர்தான். 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. அதன் பின் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். வயது முப்பதுகூட ஆகவில்லை. அன்றைய இலங்கையில் அந்தத் தகுதிகளோடு ஒருவர் போயிருக்கக்கூடிய உயரம் நமக்குத் தெரியும். அவர் போனது வேறு பக்கம்.

துறவி எடுத்த வேலை

1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்ற பெயரில் பிரமச்சாரியாக இருந்த காலத்தில் மடத்தின் தமிழ், ஆங்கிலச் சஞ்சிகைகளைப் பார்த்துக்கொண்டார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தரானார். 1925இல் இலங்கைக்குத் திரும்பியபோது அவர் தோளில் விழுந்தது இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் முகாமையாளர் பொறுப்பு.

முகாமையாளர் என்பது இன்று கேட்பதற்கு அலுவலக வேலை மாதிரி இருக்கும். அன்றைக்கு அப்படி இல்லை. அரசாங்க உதவி நன்கொடை பெறும் பாடசாலைகள் என்ற முறை இருந்தது. ஆசிரியர்களின் சம்பளத்துக்கு அரசாங்கம் உதவி தரும். ஆனால் அது பரிசோதகர் வந்து பார்த்து, பிள்ளைகளின் வரவையும் படிப்பையும் கட்டடத்தையும் கணக்கெடுத்த பிறகுதான். காணி, கட்டடம், வாங்கு, கரும்பலகை எல்லாவற்றையும் பாடசாலையை நடத்துபவர்தான் தேடவேண்டும். கூரை ஒழுகினால் முகாமையாளர். ஆசிரியர் வராவிட்டால் முகாமையாளர். விதைப்புக் காலத்தில் பிள்ளைகள் வயலுக்குப் போய் வரவு குறைந்தால், அதற்கும் அவர்தான் பதில் சொல்லவேண்டும்.

அடிகளார் இந்த வேலையைத்தான் எடுத்துக்கொண்டார். மட்டக்களப்பில் மட்டுமல்ல, யாழ்ப்பாணத்தில் வைத்தீஸ்வர வித்தியாலயம், திருகோணமலையில் இந்துக் கல்லூரி என்று பொறுப்பு விரிந்தது. கிழக்கில் அவருடைய காலத்துப் பணியின் தடம் இன்னும் பெயர்ப்பலகைகளில் இருக்கிறது. ஆரையம்பதியிலும் மண்டூரிலும் காரைதீவிலும் அக்கரைப்பற்றிலும் பாடசாலை மதிலில் இ.கி.மி. என்ற மூன்று எழுத்தைப் பார்க்கலாம். இராமகிருஷ்ண மிஷன் என்பதன் சுருக்கம் அது. அந்தப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் பலருக்கு விரிவு தெரியாது. காரைதீவில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலை, சாரதா தேவியாரின் பெயரில். பெண் பிள்ளையை ஏன் அனுப்பவேண்டும் என்று கேட்ட காலத்தில் அது சிறிய காரியமல்ல.

சாதியும் அப்படித்தான். 1929இல், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக ஒரே வாங்கில் இருக்கவேண்டும் என்ற ஏற்பாடு வந்தபோது, அதைப் பொறுக்காமல் யாழ்ப்பாணத்தில் பாடசாலைகளை எரித்தார்கள். அந்தக் காலத்தில்தான், ஆதரவற்ற பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்துச் சோறு போட்டுப் படிப்பிக்கும் மாணவர் இல்லங்களை அடிகளார் நடத்தினார்.

கல்லடி உப்போடை

1929 மே மாதம் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் திறக்கப்பட்டது. தனக்குத் துறவு தந்த குருவின் பெயரை அதற்கு வைத்தார். இடம் ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல், நடுவில் மணல். ஐந்து வருடத்துக்கு முன்னர்தான், 1924இல், கல்லடிப் பாலம் திறக்கப்பட்டிருந்தது. அதுவரை தோணியில் கடந்த இடம் நகரத்தோடு சேர்ந்திருந்த நேரம். நகரத்துக்கு வெளியே, தென்னையும் மணலுமாகக் கிடந்த அந்த இடத்தில் பெரிய பாடசாலை வரும் என்று பலர் நம்பியிருக்க மாட்டார்கள்.

அங்கே அவர் கட்டியது வகுப்பறை மட்டுமல்ல என்பதுதான் முக்கியம். பக்கத்தில் மாணவர் இல்லம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, தூரத்துக் கிராமத்துப் பிள்ளை, வசதியில்லாத பிள்ளை அங்கே தங்கிப் படிக்கலாம். விடியற்காலை எழும்புவது, முற்றம் கூட்டுவது, பிரார்த்தனை, பாட்டு, பாடம், விளையாட்டு, ஒன்றாக இருந்து சாப்பிடுவது என்று நாள் முழுவதும் பாடமாக இருக்கும் வாழ்க்கை அப்படியான இல்லங்களுடையது. உடம்பு பலமில்லாமல் மனம் பலப்படாது என்று இளைஞர்களிடம் சொல்லித் திரிந்த விவேகானந்தரின் வழியில் வந்த துறவிகளுக்கு, விளையாட்டு நேரம் வீணாகும் நேரமல்ல.

அதே காலத்தில் தாகூர் சாந்திநிகேதனில் மரத்தடியில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். கைத்தொழிலோடு சேர்ந்த ஆதாரக் கல்வியைக் காந்தி 1937இல் வர்தாவில் முன்வைத்தார். பாட்டும் உடலுழைப்பும் தாய்மொழியும் சேர்ந்ததுதான் பிள்ளையின் படிப்பு என்ற எண்ணம் அந்தத் தலைமுறையின் பொதுச் சொத்து. மட்டக்களப்பு வாவிக்கரைக்கு அந்த எண்ணத்தைச் செயலாகக் கொண்டுவந்தவர்களில் அடிகளார் முக்கியமானவர்.

பல்கலைக்கழகமும் சேரியும்

1931இல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அங்கே அவர் தமிழ்ப் பேராசிரியரானார். பண்டிதர்கள் பலர் பாரதியைப் பொருட்படுத்தாத அந்தக் காலத்தில், மாணவர்களைக் கூட்டிப் பாரதியைப் படிக்கவைத்தார். ஆனால் எனக்கு அதிலும் பெரிதாகத் தெரிவது வேறொன்று. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் திருவேட்களம் என்ற இடம். அங்கே ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பு. பகலில் பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியம் சொன்ன பேராசிரியர், பின்னேரங்களில் அந்தக் குடியிருப்புக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். எந்தப் பதவியில் இருந்தாலும் அவருடைய கால்கள் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தைத் தேடிப் போய்க்கொண்டேயிருந்தன.

1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் கணிதத்துக்கும் தாவரவியலுக்கும் தமிழில் சொல் வேண்டும் என்பதற்கான கூட்டம் அது. அறிஞர்களின் வேலை என்று அதைத் தனியே வைக்கிறோம். உண்மையில் அதுவும் ஒரு வாத்தியாரின் வேலைதான். விஞ்ஞானம் படித்து, படிப்பித்து, பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல் தொண்டையில் சிக்குவதை வகுப்பறையில் பார்த்தவருக்குத்தான் அந்தச் சொற்களின் அவசரம் தெரியும். இன்று நம் பிள்ளைகள் சுற்றாடல் பாடத்திலும் பிறகு விஞ்ஞானத்திலும் தமிழில் வாசிக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் இந்த உழைப்பும் இருக்கிறது.

இமயத்தில் மாயாவதி ஆச்சிரமத்தில் இருந்து ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றை நடத்திய காலமும் உண்டு. 1943இல், அதற்கு முந்திய ஆண்டு தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார்.

அசீஸும் அடிகளாரும்

கிழக்கில் வாழ்கிறவர்கள் சொல்லாமல் விடக்கூடாத ஒரு பகுதி இது. 1942இல், உலக யுத்த காலத்தில், ஏ. எம். ஏ. அசீஸ் என்ற இளம் சிவில் சேவை அதிகாரி கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். அவர் சிறு வயதில் படித்த பாடசாலைகளில் ஒன்று யாழ்ப்பாணம் வைத்தீஸ்வர வித்தியாலயம். இராமகிருஷ்ண மிஷனோடு இணைந்த அதே பாடசாலை. கல்முனையில் அவருக்கும் அடிகளாருக்கும் நட்பு உண்டானது. கல்வி இல்லாமல் ஒரு சமூகம் எழும்பாது என்ற பேச்சு இருவருக்கும் நடுவில் நடந்தது. அசீஸ் அங்கே முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். 1945இல் ஏழை முஸ்லிம் மாணவர்களுக்கான இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியை உருவாக்கினார். பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகப் புகழ்பெற்றார். தன்னைக் கல்விப் பணியின் பக்கம் திருப்பியவர்களில் ஒருவராக அடிகளாரை அவர் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

காவி உடுத்த ஒருவரும் தொப்பி போட்ட ஒருவரும் கல்முனையில் உட்கார்ந்து, மற்றவர் சமூகத்துப் பிள்ளைகள் எப்படிப் படிக்கவேண்டும் என்று பேசியிருக்கிறார்கள். அதே கரையில்தான் 1985இல் வீடுகள் எரிந்தன. 1990இல் தமிழரும் முஸ்லிம்களும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் வீதியிலும் உயிர்களைப் பறிகொடுத்தார்கள். இன்றும் பல ஊர்களில் தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் ஒரு மதிலும் ஒரு வீதியும்தான் தூரம். ஆனால் ஒருவர் பாடசாலை மற்றவருக்குத் தெரியாது. எதிரும் புதிருமான இரண்டு மைதானங்களில் ஒரே நேரத்தில் அதே தேசிக்காய் ஓட்டம் நடக்கும். ஒன்றாக ஓடவிடுவதற்குப் பெரியவர்களான நமக்குத்தான் மனம் வருவதில்லை.

பிள்ளைக் காலத்தின் அறுவடை

1947 ஜூனில், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ் நூல் அரங்கேறியது. மறைந்துபோன பழந்தமிழரின் யாழ் எப்படி இருந்தது, அதன் நரம்புகள் எந்தச் சுருதியில் ஒலித்தன என்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து தேடிக் கண்டுபிடித்த நூல். பல வருட ஆராய்ச்சி. அதைப் படிக்கத் தமிழ் மட்டும் போதாது. கணிதமும் ஒலியின் விஞ்ஞானமும் வேண்டும்.

அந்த நூலைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பிள்ளையின் ஆரம்பக் காலம் முழுவதும் உள்ளே இருக்கிறது. கண்ணகியின் கதை காரைதீவுக் கோயில் முற்றம் தந்தது. செய்யுளின் ஓசை ஊர் வாத்தியார் தந்தது. கணக்கு பிரெஞ்சுப் பாதிரியார் தந்தது. இசையைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் வாவியும் வயலும் தந்தவை. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைப் பற்றி, அதை நீரர மகளிரின் இசையாகக் கற்பனை செய்து அவர் பாடலே எழுதியிருக்கிறார். இவற்றில் ஒன்றையாவது பரீட்சைக்கு வராது என்று யாராவது அவரிடமிருந்து பறித்திருந்தால், யாழ் நூல் இல்லை.

நூல் வெளியான மறுமாதம், 1947 ஜூலை 19ஆம் திகதி, கொழும்பில் அவர் காலமானார். வயது 55. உடலைக் கல்லடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய சிவானந்த வித்தியாலயத்தின் வளவிலேயே சமாதி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் கையேற்றது. அடிகளார் காசு தேடி எழுப்பிய பாடசாலைகளும் அரசாங்கப் பாடசாலைகளாயின. மாணவர் இல்லங்கள் மிஷனோடு இருந்தன. யுத்த காலத்தில் தாயை, தகப்பனை, இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குக் கல்லடி இல்லம் கதவு திறந்தது. 1929இல் வறுமையை நினைத்துக் கட்டிய வீடு, அறுபது வருடம் கழித்து யுத்தத்துக்கு உதவியது.

பாடசாலை என்றால் என்ன என்பதை யுத்தம் நமக்கு வேறு விதமாகவும் சொல்லித் தந்தது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் நாம் ஓடிப்போய் இருந்தது பாடசாலைகளில்தான். வாங்குகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்தோம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து கல்லடியையும் காரைதீவையும் அள்ளிப் போனபோதும் அப்படித்தான். 2007இன் தொடக்கத்தில் படுவான்கரையிலிருந்து ஒரு இலட்சத்துக்கும் அதிகமான சனம் பெயர்ந்து வந்தபோதும் அப்படித்தான். பாடசாலை போகும் வழியில் பிள்ளைகளை ஆயுதத்துக்குப் பிடித்துக்கொண்டு போன ஆண்டுகளும் இருந்தன. பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வரும்வரை படலையில் நின்ற தாய்மார் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். சிலருக்குப் பிள்ளை திரும்பவேயில்லை.

யுத்தம் முடிந்து பல ஆண்டுகளாகிவிட்டன. 2014இல் மண்முனைப் பாலம் வந்தது. படுவான்கரைக்குப் போக எல்லா இடத்திலும் பாலம் இல்லாவிட்டாலும், குருமண்வெளியில் ஏறி மண்டூரில் இறங்கும் பாதையில் காலையில் ஆசிரியர்கள் மோட்டார் சைக்கிளோடு கடந்து போகிறார்கள். செய்தி எடுக்க நானும் அந்தப் பாதையில் பலமுறை போயிருக்கிறேன். அக்கரையில் தரம் ஒன்று, இரண்டு வகுப்புகளைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். வட்டமாக இருந்து பாடுகிறார்கள். சிரட்டையும் விதையும் எண்ணிக் கணக்குப் படிக்கிறார்கள். முற்றத்தில் கோடு கிழித்துக் கெந்தி விளையாடுகிறார்கள். விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றும் சேர்ந்துதான் ஆரம்ப வகுப்பு என்று 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம் சொன்னதும் இதைத்தான்.

தரம் நான்கு, ஐந்துக்குப் போனால் முற்றம் காலி. சித்திரப் பாடமும் சங்கீதமும் உடற்பயிற்சியும் நேரசூசியில் இருக்கும், வகுப்பில் இருக்காது. அந்த நேரம் முழுவதும் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள். பாடசாலை விட்டதும் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். கன்னங்கராவின் காலத்தில் ஏழைப் பிள்ளைக்கு வழி திறப்பதற்காகத் தொடங்கிய பரீட்சை அது. இன்று ஏழைத் தாயின் கடைசிக் காசையும் எடுத்துக்கொள்கிறது. பெறுபேறு வந்ததும் வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பிள்ளைகளின் படம் பதாகையில். அதற்குக் கீழே நின்ற பிள்ளை, பத்து வயதில், தான் உதவாதவன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறது.

பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டவர், தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலை, பிள்ளை அம்மம்மாவோடு. அப்படியான வீட்டில், பிள்ளை ஏறிப் போவதற்கு அந்த ஒரு ஏணிதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆசிரியர்களுக்கும் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து பெறுபேறு எங்கே என்ற கேள்விதான் வருகிறது. ஆனால் இழப்போடு வளர்கிற பிள்ளைக்குப் பாட்டும் ஓட்டமும் சித்திரமும் மேலதிகமானவை அல்ல. வீட்டில் வாய்விட்டுச் சொல்லமுடியாததை அந்தப் பிள்ளை சொல்லும் வழி அவைதான். அடிகளார் மாணவர் இல்லத்தில் சேர்த்துக்கொண்ட பிள்ளைகளும் ஏதோ ஒன்றை இழந்து வந்தவர்கள்தான். அவர்களுக்கு அவர் பரீட்சையை மட்டும் கொடுக்கவில்லை.

சிலைக்கு மாலை போடுவதை நிறுத்தவேண்டும் என்று சொல்லவில்லை. அதோடு இன்னொன்றும் செய்யலாம். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு தாயோ அம்மம்மாவோ எழும்பி, தரம் ஐந்துப் பிள்ளைகளின் விளையாட்டு நேரமும் சங்கீத நேரமும் எங்கே போனது என்று கேட்கலாம். ஊரில் வசந்தன் தெரிந்த அண்ணாவியார் ஒருவர் இன்னும் உயிரோடு இருந்தால், வாரத்தில் ஒரு பின்னேரம் பாடசாலைக்குக் கூப்பிடலாம். பக்கத்து ஊர் முஸ்லிம் பாடசாலையின் சின்னப் பிள்ளைகளையும் விளையாட்டுப் போட்டிக்கு அழைக்கலாம். இவற்றுக்குப் பெரிய காசு வேண்டியதில்லை, எந்த அமைச்சரின் கையெழுத்தும் வேண்டியதில்லை.

நூறு வருடத்துக்கு முன், பட்டமும் பதவியும் கையில் இருந்த ஒருவர் இந்த மணல் வீதிகளில் நடந்து, வீடு வீடாகப் பிள்ளை தேடினார். பிள்ளைகள் இப்போது தேடாமலே வருகிறார்கள். வெள்ளைச் சட்டையோடு, புத்தகப் பையோடு, ஒவ்வொரு காலையும் வருகிறார்கள். வந்தவர்களுக்கு முழுப் பாடசாலையையும் கொடுப்பது மட்டும்தான் மிச்சம்.